பூட்டுப் போட்ட பெற்றோல் மூடி

எங்கள் வானின் பெற்றோல் மூடிக்குப் பூட்டுப் போட்டது நான்தான். அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. அந்தப் பூட்டால் ஒரு மனிதன் காணாமல் போகப் பார்த்தான். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சமாதான ஒப்பந்தம் கடதாசியில் மட்டும் மிஞ்சியிருந்த காலம். தெருவில் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் கட்டாரில் வேலை செய்துகொண்டிருந்தார். மன்னாரிலிருந்து கிளம்பிப்போன ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் தன் வெள்ளை வானை விற்கிறது என்று கேள்விப்பட்டு, அவர் அங்கிருந்தே பேசி முடித்து எனக்கு வாங்கித் தந்தார். மன்னார்த் தீவில், எங்கள் பேசாலையில் காலையில் ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு, பெருநிலத்துக்குப் போகிற பாலத்தைக் கடந்து, முருங்கன் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இறக்கிவிட்டுப் பின்னேரம் திரும்பக் கூட்டிவருவதுதான் வானின் ஓட்டம். எனக்கு வான் ஓடத் தெரியாது. குறை பிடிக்க மட்டும் நன்றாகத் தெரியும்.

வான் ஓடியவன் முருங்கன் பக்கத்துப் பிள்ளை. முப்பது வயதிருக்கும். மலைநாட்டில் கலவரத்தில் எல்லாம் எரிந்துபோக, கையில் அகப்பட்டதோடு இறங்கிவந்து எங்கள் மாவட்டப் பெருநிலப்பரப்பில் குடியேறிய குடும்பம். சின்ன வயதில் வயலில் கூலிவேலை, பிறகு உழவு மெசின், பிறகு வான் என்று வந்தவன். அவனுடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் ஒரு தேயிலைத் தோட்டம், குடியிருப்பு மன்னார் மாவட்டம். சோதனைச் சாவடியில் அதைப் பார்க்கிற ஒவ்வொரு ஆமிக்காரனும் இரண்டாந்தரம் முகத்தைப் பார்ப்பான். எங்கள் ஊரிலும் "தோட்டத்தில இருந்து வந்ததுகள்" என்று ஒரு கதை உண்டு. நானும் அந்தக் கதையைக் கதைத்திருக்கிறேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

கிழமை நாட்களில் எங்கள் முன் அறையில் படுத்துக்கொள்வான். சனிக்கிழமை வானைக் கழுவி நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவான். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசினால் அதிகம். அந்தக் காலத்தில் பேசாதவனைக் கண்டால் சனம் நம்பாது. பேசுகிறவனையும் நம்பாது என்பது வேறு விஷயம்.

தொடக்கி வைத்தவர் என் வீட்டுக்காரர்தான். ஒருநாள் தொலைபேசியில், "பெற்றோல் இவ்வளவு கெதியா எப்பிடி முடியுது? டிரைவரைக் கொஞ்சம் கவனி" என்றார். சொல்லிவிட்டு அவர் நித்திரைக்குப் போயிருப்பார். எனக்கு நித்திரை போய்விட்டது. அந்த நாளில் பெற்றோல் நினைத்தவுடன் கிடைக்கிற சாமானா? பெற்றோல் பௌசர் வருகிற அன்று கானும் கையுமாக வரிசையில் காய வேண்டும். தீவில் நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளிலிருந்து குழாய் விட்டு உறிஞ்சிக்கொண்டு போகிற காலம். என் வானில் மட்டும் கை வைக்காமல் விடுவார்களா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

யோசித்தால் எல்லாம் தெரியும். பெற்றோல் தாங்கியின் மூடிப் பக்கத்தை அவன் ஏன் இவ்வளவு நேரம் துடைக்கிறான்? சீற்றுக்குக் கீழே ஒரு முழ நீள ரப்பர் குழாய் கிடந்தது.

"இது என்னத்துக்குத் தம்பி?"

"ரேடியேட்டருக்குத் தண்ணி விடத்தான் அக்கா."

ஓம், தண்ணி விடத்தான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்த நாளே மன்னார் ரவுணுக்குப் போய், உதிரிப்பாகக் கடையில் பூட்டு வைத்த பெற்றோல் மூடி ஒன்று வாங்கினேன். அது ஏதோ ஒரு லொறியின் மூடி. எங்கள் வானுக்குப் பூட்டிப் பார்த்தால் கொஞ்சம் ஆடியது. அதெல்லாம் எனக்கு ஒரு காரியமா? பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்த கை இது. பைப் ஒழுகினாலும், அடுப்பு ஒழுகினாலும், சைக்கிள் பம்ப் காற்று விட்டாலும் பழைய ரப்பர் செருப்பில் ஒரு வட்டம் வெட்டிப் போட்டால் சரி. எங்கள் வீட்டில் ஒற்றைச் செருப்பு ஒன்றுகூட வீணாய்ப் போனதில்லை. அதேபோல ஒரு வட்டம் வெட்டி மூடிக்குள் வைத்து இறுக்கினேன். ஆட்டம் நின்றது. எனக்கு அன்று இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

வானோடு வந்த மூடியை அலுமாரிக்குள் சீலைகளுக்கு அடியில் வைத்தேன். பூட்டின் திறப்பைக் கழுத்துச் சங்கிலியில் குருசோடு சேர்த்துக் கோத்துக்கொண்டேன்.

அவன் பூட்டைப் பார்த்தான். என் கழுத்தையும் பார்த்தான்.

"பூட்டிக்கங்க அக்கா, நல்லதுதான். ஆனா செக்பொயின்ட்ல மூடியத் தொறக்கச் சொல்லுவாங்க. உள்ள கம்பி விட்டுப் பாப்பாங்க. சாவி எங்கிட்டயும் ஒண்ணு இருந்தா..."

"ஒரு திறப்புத்தான் தந்தவங்கள்" என்றேன். பச்சைப் பொய். மற்றது அலுமாரியில் மூடிக்குப் பக்கத்தில் கிடந்தது.

"நான் வானில வாறன்தானே. நான் திறந்து விடுறன்."

சொன்னபடியே தினமும் போனேன். சமைத்து வைத்துவிட்டு, ஆசிரியர்களோடு முன் சீற்றில் ஏறி இருப்பேன். அவர்கள் பின்னால் குசுகுசுப்பது காதில் விழும். சாவடி வந்தவுடன் இறங்கி, சங்கிலியைக் கழற்ற மனமில்லாமல், தாங்கிப் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டு குனிந்து நின்று பூட்டைத் திறப்பேன். ஆமிக்காரப் பொடியன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். பிறகு கம்பியை உள்ளே விட்டுக் கிண்டிவிட்டு எடுப்பான். நான் மறுபடி கழுத்தை நீட்டிப் பூட்டுவேன். இந்தக் கூத்து போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம்.

அந்தப் பயணங்களில் இன்னொன்றையும் கண்டேன். சாவடியில் இரண்டு மணித்தியாலம் வரிசை. இன்ஜினை நிற்பாட்டி, ஸ்ராட் பண்ணி, பத்தடி நகர்ந்து, மறுபடி நிற்பாட்டி. பெற்றோல் எங்கே போகிறது என்பது என் கண் முன்னாலேயே நடந்தது. கண்டும் என் சந்தேகம் குறையவில்லை. ஒருதரம் உள்ளே வந்துவிட்டால் அதற்குப் பிறகு கண்ணுக்கு வேலையில்லை.

இரண்டாம் கிழமை ஒரு காலை, வேகமுள்ளுக்குப் பக்கத்தில் இன்ஜின் உருவத்தில் ஒரு மஞ்சள் லைற் பிடித்துக்கொண்டு நின்றது.

"இது என்ன கண்டறியாத லைற்?"

"தெரியல அக்கா. நேத்துப் பின்னேரம் வரைக்கும் இல்ல. ஓட்டத்துல ஒரு வித்தியாசமும் தெரியல."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மண்ணெண்ணெய்! எங்கள் ஊர் மீன்பிடி வள்ளங்களின் இன்ஜினுக்கு மண்ணெண்ணெய்தான் தீனி. ஆனால் காலையில் ஸ்ராட் எடுக்கக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். அப்படியென்றால் பேசாலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் பெற்றோல் தேவை, ஒவ்வொரு வீட்டிலும் மண்ணெண்ணெய் இருக்கிறது. இவன் என் பெற்றோலை எடுத்துக் கொடுத்துவிட்டு, அளவு குறையாமல் மண்ணெண்ணெய் ஊற்றுகிறான். மூடியில் பூட்டு, திறப்பு என் கழுத்தில், பிறகு எப்படி ஊற்றினான் என்று நீங்கள் கேட்பீர்கள். கள்ளத் திறப்பு வெட்டியிருப்பான். நான் குளிக்கப் போகும்போது சங்கிலியைக் கழற்றி யன்னலில் வைக்கிறேன்தானே! அன்றிலிருந்து சங்கிலியோடு குளித்தேன்.

பக்கத்து வீட்டில் வள்ள இன்ஜின் திருத்துகிறவர் ஒருவர் இருந்தார். அவரைக் கூப்பிட்டு வானின் புகைக்குழாயில் மூக்கை வைத்து மணந்து பார்க்கச் சொன்னேன். மனிசன் குந்தியிருந்து நன்றாக மணந்தார்.

"மண்ணெண்ணெய் மணக்கிற மாதிரியும் கிடக்கு, இல்லாத மாதிரியும் கிடக்கு."

அவரிலேயே பத்து முழத்துக்கு மண்ணெண்ணெய் மணக்கும், அவர் எதை மணந்து எதைக் கண்டுபிடிப்பது? ஆனால் நான் அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மன்னார் ரவுணில் கராஜ் வைத்திருந்த ஒரு வயதானவரிடம் வானைக் கொண்டுபோனோம். அவர் இன்ஜினின் நாலு ஸ்பாக் பிளக்கையும் கழற்றி வெள்ளைத் துணியில் வைத்து எனக்குக் காட்டினார்.

"பாருங்கோ தங்கச்சி. நல்ல காய்ஞ்ச கபில நிறம். மண்ணெண்ணெய் ஊத்தி ஓடினா இது கரிக்கட்டையா எல்லோ இருக்கும். உள்ளுக்க நல்ல பெற்றோல்தான் எரியுது."

"அப்ப லைற் ஏன் எரியுது?"

"இது புகை சம்பந்தப்பட்ட லைற். இந்த வான் செய்த நாட்டில காத்து அசுத்தமாகக் கூடாதெண்டு சட்டம். எங்கயோ புகையோ ஆவியோ பிழையாப் போகுதெண்டு வான் சொல்லுது. எங்கயெண்டு பாக்க கொம்பியூற்றர் பூட்ட வேணும். அது என்னட்ட இல்லை, கொழும்புக்குத்தான் போகோணும். ஆனா ஒண்டு சொல்லுறன், டிரைவரில பிழையில்லை."

நான் கேட்காமலே ஏன் டிரைவருக்காகப் பேசுகிறார்? நான் உள்ளே வரும்போது இரண்டு பேரும் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்ததை நினைத்துக்கொண்டேன். சரி, இவரும் கூட்டு.  

அடுத்த கிழமை எனக்குக் கடைவாய்ப் பல் பிடித்துக்கொண்டது. கன்னம் பலாக்கொட்டை மாதிரி வீங்கிவிட்டது. வானில் ஏற முடியாது. காலையில் அவன் வாசலில் வந்து நின்றான்.

"இன்னைக்கு நீங்க வரலன்னா சாவியக் குடுங்க அக்கா."

"ராங்கில பெற்றோல் நிறையக் கிடக்கு. உனக்கு ஏன் திறப்பு?"

"பெட்ரோலுக்கு இல்ல அக்கா. செக்பொயின்ட்ல கேட்டா?"

"அக்காட்ட இருக்கெண்டு சொல்லு. அவங்களுக்கு என்னைத் தெரியும்தானே."

  அவன் போய் வானை எடுத்தான். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சரிந்தேன். பல் வலியிலும், திறப்பு கழுத்தில் இருக்கிறதா என்று ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

பத்து மணியிருக்கும். வானில் போன ஒரு ரீச்சர் ஓட்டோவில் வந்து இறங்கினார். 

"அக்கா, டிரைவரை மறிச்சுப் போட்டாங்கள். சாவடியில ராத்திரி ஆக்கள் மாறீட்டாங்களாம், எல்லாம் புது முகம். பெற்றோல் மூடியைத் திற எண்டாங்கள். திறப்பு இல்லை எண்டு சொல்லுறார். உள்ளுக்க மஞ்சள் லைற் ஒண்டு எரியுது, அது என்ன எண்டு கேட்டாங்கள். தெரியாது எண்டார். ஐடென்ரியில ரெண்டு ஊர். எங்கள எல்லாம் இறக்கிப் போட்டு அவரைத் தனியக் கொண்டு போயிட்டாங்கள்."

என்ர மாதாவே!  அந்த நாளில் சாவடியில் தனியே கொண்டுபோனவன் பின்னேரம் வீட்டுக்கு வந்தால் வந்தான். வராவிட்டால், தாய் படத்தைப் பிடித்துக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைய வேண்டியதுதான். அவனுடைய தாயை எனக்குத் தெரியும். வயலில் குனிந்து குனிந்தே முதுகு வளைந்த மனுசி. ரீச்சர் வந்த ஓட்டோவிலேயே ஏறினேன். பாலம் அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. கழுத்தில் அந்தத் திறப்பு குருசில் பட்டுக் கிலுங்கிக்கொண்டே வந்தது.

எங்கள் வான் தெரு ஓரத்தில் கதவெல்லாம் திறந்தபடி நின்றது. சீற்றுகள் கழற்றி மணலில் கிடந்தன. அவன் வெயிலில், கையைத் தலைக்குப் பின்னால் கட்டி, குந்தியிருந்தான். என்னைக் கண்டான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

அதிகாரி இளம் ஆள். தமிழ் கொஞ்சம் தெரியும். நான் சங்கிலியைத் தூக்கித் திறப்பைக் காட்டினேன்.

"இது என்ர வான். திறப்பு என்னட்ட இருக்கு."

"வண்டி ஓட்டுறது அவர். சாவி ஏன் உங்ககிட்ட?"

பதில் நாக்கு நுனியில் நின்றது. இரண்டு கிழமையாக வீட்டிலும், வானிலும், சமைக்கும்போதும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்த பதில்தான். அவனில் எனக்குச் சந்தேகம். கள்ளத் திறப்பு வெட்டியிருக்கிறான். தாங்கிக்குள் என்ன ஊற்றுகிறானோ தெரியாது. இதை அந்த இடத்தில், அந்த ஆளிடம் சொன்னால் என்ன நடக்கும் என்பது குந்தியிருந்தவனைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. சொந்த முதலாளியம்மாவே சந்தேகம் என்கிறாள் என்றால் அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? 

"என்ர பிழை சேர். நான் மறந்து போய்க் கழுத்தில போட்டுக்கொண்டு இருந்திட்டன்."

அதிகாரி பூட்டைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார். அவனைக் கையால் காட்டிக் கேட்டார்.

"மேயாவ விஸ்வாச நெத்த?"

இவரில் நம்பிக்கை இல்லையா என்கிறார். அவ்வளவு சிங்களம் எனக்கும் விளங்கும், அவனுக்கும் விளங்கும். அவன் தலையைத் தூக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது முதுகில் தெரிந்தது.

"நம்பிக்கைதான் சேர். முழு நம்பிக்கை. எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி" என்றேன். வீங்கின வாயால் சொன்னது சரியாகக்கூட வெளியே வரவில்லை.

மூடியைத் திறக்கச் சொன்னார்கள். அன்றைக்குக் கழுத்தை நீட்டவில்லை. சங்கிலியைக் கழற்றித் திறந்தேன்.  கம்பி விட்டார்கள், கிண்டினார்கள், பெற்றோலைத் தவிர ஒன்றும் வரவில்லை. ஆனால் அதிகாரி அந்த மஞ்சள் லைற்றை விடுவதாயில்லை. யாரையோ கூப்பிட்டனுப்பினார்.

வந்தவர் ஆமி வண்டிகள் திருத்துகிறவர், கையெல்லாம் கிறீஸ். இன்ஜினைப் பார்த்தார், கீழே படுத்துப் பார்த்தார். கடைசியில் என் கையில் இருந்த மூடியை வாங்கித் திருப்பினார். உள்ளே என் செருப்புத் துண்டு பெற்றோலில் ஊறி, வீங்கி, ஒரு பக்கம் பிய்ந்துபோய் இருந்தது. விரலால் தொட்டார், கட்டி கட்டியாக உதிர்ந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"மேக்க செரெப்புவக் நே! செருப்பு!"

எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும், கையால் காற்றில் கீறிக் கீறி எனக்குச் சொல்லித் தந்தார். இந்த வான் தன் பெற்றோல் ஆவி வெளியே போகிறதா என்று தானே சோதித்துக்கொள்ளுமாம். மூடி இறுக்கமில்லாவிட்டால் ஆவி போகும். ஆவி போனால் லைற் வரும். இன்ஜினில் ஒரு பிழையும் இல்லை, மூடிதான்.

"ஒரிஜினல் மூடி கோ? எங்க?"

"வீட்டை. அலுமாரியில."

விளங்கிக்கொண்டவர்கள் விளங்காதவர்களுக்குச் சொல்ல, சாவடி முழுக்கச் சிரித்தது. சிரிக்காத ஆட்கள் இரண்டு பேர்தான். அவனும் நானும்.

ஒரிஜினல் மூடியைப் போட்டாலும் லைற் உடனே போகாது, மூன்று நாலு நாள் ஓடினபிறகு தானாக அணையும் என்றும் அவர் சொன்னார். அப்படியும் பேர், விலாசம் எல்லாம் எழுதி, யார் யாருக்கோ பேசி, அவனை விடப் பின்னேரம் மூன்று மணியாகிவிட்டது. அவன் எழும்பி, ஒவ்வொரு சீற்றாகத் தூக்கி மணலைத் தட்டிப் பூட்டினான். நான் உதவிக்குப் போனேன். "விடுங்க அக்கா" என்றான்.

பாலத்தில் வரும்போது திறப்பை நீட்டினேன்.

"இந்தா தம்பி. நீயே வைச்சிரு."

"வேணாம் அக்கா. பழைய மூடியப் போட்டுட்டா சாவியே தேவையில்ல."

வீட்டுக்கு வந்ததும் சீலைகளுக்கு அடியிலிருந்து மூடியை எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் கிடந்த மற்றத் திறப்பும் கூடவே வந்து நிலத்தில் விழுந்தது. அவன் குனிந்து எடுத்து மேசையில் வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். மூடியை வைத்துத் திருப்பினான், கடக் கடக் என்று இறுகியது.

மறுநாளும் லைற் எரிந்தது. வியாழனும் எரிந்தது. இதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். ஒவ்வொரு நாளும் அவன் வானை நிறுத்தியவுடன் போய் எட்டிப் பார்த்தேன். மூடி போட்டும் போகவில்லையே, அப்போ வேறு ஏதும் இருக்குமோ என்று உள்ளே ஒன்று முணுமுணுத்தது. அவன் உயிரோடு திரும்பி வந்ததற்காகக் கோவிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்துதான் எட்டிப் பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம், வானைக் கழுவித் துடைத்துவிட்டுக் கூப்பிட்டான்.

"அக்கா, கொஞ்சம் வாங்க."

போனேன். முன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, ஸ்ராட் எடுக்காமல் சாவியை மட்டும் திருப்பினான். டாஷ்போட்டில் எல்லா லைற்றும் எரிந்தன, மஞ்சளும் எரிந்தது.

"பல்ப் இருக்கு, பாத்தீங்களா?"

பிறகு இன்ஜினை எடுத்தான். ஒவ்வொன்றாக அணைந்தது. மஞ்சளும் அணைந்தது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டான்.

"நல்லாப் பாத்துக்கங்க அக்கா. பின்னாடி, பல்பக் கழட்டிட்டானோன்னு தோணும்."

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணி இருக்கா என்று கேட்கிற குரலில் சொன்னான்.  "தம்பி, நான் பெரிய பிழை விட்டிட்டன்" என்றேன். அவன் இன்ஜினை நிறுத்தினான்.

"திங்கக்கெழமைக்கு வேற ஆளப் பாத்துக்கங்க அக்கா. செக்பொயின்ட்ல நிக்கலாம். வேல செய்யிற வீட்டுலயும் செக்பொயின்ட் இருந்தா முடியாது."

வானின் சாவியை என் கையில் வைத்தான். முன் அறைக்குப் போய்த் தன் பையைக் கொண்டுவந்தான். வாசலைத் தாண்டுவதற்கு முன் நின்று, சாவடியில் தினமும் செய்வதைப் போலவே, நான் கேட்காமலே சிப்பை இழுத்துப் பையை அகலத் திறந்து என் முன்னால் பிடித்தான்.

"ஐயோ, மூடு தம்பி, மூடு!" என்றேன்.

இரண்டு சாரம், ஒரு சேட், ஒரு சவர்க்காரப் பெட்டி. நான் மூடச் சொல்வதற்குள் பார்த்து முடித்துவிட்டிருந்தேன்.